கேத்திப் பக்கம் ஒரு பழைய ஆலயம்: ஓதம் ஏறின சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

மலைக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டின சின்ன ஊர் எங்களுது. சபைக்குள்ள பேச்சு இன்னும் முடியாததால ஊர்ப் பேரைச் சொல்லாம விடுறேன். சிஎஸ்ஐ சபை. சுவிட்சர்லாந்து பாசல் ஊர்லேருந்து வந்த பாசல் மிஷன் காலத்துல கட்டினதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே மங்களூர் ஓடு. நெருக்கி உட்கார்ந்தா நூறு பேர்.

வடக்குச் சுவர்ல தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு. பூச்சு பொரிபொரியா எழும்பி, விரலால தடவினா வெள்ளை உப்பு உதிருது. மழை வலுத்தா ஆல்டருக்குப் பின்னாடி ரெண்டு இடத்துல ஒழுகுது. கூரையைத் தாங்குற கைமரம் ஒண்ணு சுவருக்குள்ள இறங்குற இடத்துல இத்துப் போச்சு.

கமிட்டியில இப்போ இருக்கிற யோசனை: காரையை உரிச்சுட்டு சிமெண்ட் பூசுறது, ஓட்டை இறக்கிட்டு கலர் ஷீட், தரைக்கு டைல்ஸ். கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டும் கொடுத்துட்டார். அடுத்த கூட்டத்துல முடிவு.

எங்க குடும்பத்துல நாலு தலைமுறைக்கு அங்கேதான் ஞானஸ்நானம். எனக்கு மனசு ஒப்பலை. ஆனா கூட்டத்துல எழுந்து நின்னு "மனசு ஒப்பலை"ன்னு சொன்னா எடுபடாது, காரணம் கேப்பாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாந்துச்சட்டி

தம்பி, நான் காரைக்குடிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலைதான். சிமெண்ட் பேச்சை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.

பழைய சுவருக்கு அடியில ஓதம் தடுக்கிற அடுக்கு கிடையாது. மண்ணுல இருக்கிற ஈரம் செங்கல் வழியா கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுடும், அதனாலதான் இத்தனை வருஷம் நின்னிருக்கு. அது மேல சிமெண்டை அப்பினா ஈரம் வெளியேற வழி இல்லாம இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்துல இருக்கிறது ஜன்னல் உயரத்துக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னாடி செங்கல்லுக்குள்ளேயே படிஞ்சு, அந்தக் காலத்து மெதுவான செங்கல்லைப் பொடிச்சுடும். நாலஞ்சு வருஷத்துல சிமெண்ட் பாளம் பாளமா கழண்டு விழும், விழும்போது செங்கல் முகத்தையும் பிடுங்கிட்டுத்தான் வரும். செட்டிநாட்டு வீடுகள்ல இதை நிறையப் பார்த்தாச்சு.

ஒண்ணு கேக்கணும். வடக்குச் சுவரை ஒட்டி வெளியே என்ன இருக்கு? தரைமட்டம் உள்ளே விட உயரமா, தாழ்வா? கூரைத் தண்ணி எங்கே விழுது? ஆலயத்துக்கு உள்ளே என்ன பெயிண்ட்? இதுக்குப் பதில் தெரியாம ஒரு சட்டி சாந்துகூடக் குழைக்கக் கூடாது.

தேயிலைத்தோட்டம்

ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசறதால மறுபக்கத்தையும் வைக்கிறேன். எங்க சபை கூடலூர் பக்கம். 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க, அவங்க பிள்ளைங்க. தகரக் கூரை ஆலயம். தென்மேற்குப் பருவமழையில பிரசங்கம் காதுல விழாது. ஆனாலும் ஒழுகாது.

சபைன்னா ஜனங்க. கட்டடம் அவங்களுக்காகத்தான். வயசானவங்க ஈரத் தரையில உட்கார்ந்து முட்டி வலியோட எழுந்திருக்கிறாங்க. சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார் மலையில எங்கே கிடைப்பார்? கீழேயிருந்து கூட்டிட்டு வந்தா தங்க இடம், சாப்பாடு, கூலி எல்லாம் யார் கொடுப்பா? காணிக்கையும் அறுப்பின் பண்டிகை ஏலமும்தான் பல சின்ன சபைகளுக்கு வருமானம். பழமையைக் காப்பாத்துற செலவை ஏழைச் சபை தலையில ஏத்தறது நியாயமா? கமிட்டிக்காரங்களைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க.

மலைக்காற்று

தேயிலைத்தோட்டம் அண்ணா, நீங்க சொல்றது எங்க பொருளாளர் சொல்ற அதே வார்த்தை. அவரும் கெட்ட எண்ணத்துல சொல்லலை.

சாந்துச்சட்டி அண்ணா, நேத்து போய்ப் பார்த்தேன். வடக்குப் பக்கம் வாலிபர் சங்கம் போட்ட பூப்பாத்தி இருக்கு, ஹைட்ராஞ்சியா. வருஷா வருஷம் மண்ணும் எருவும் கொட்டி, இப்போ வெளி மண் உள் தரையை விட ஒரு முழம் உயரம். கடப்பாரையால ஓரத்துல தோண்டினா கீழே பழைய கல் ஓடை மூடிக் கிடக்கு. கூரைத் தண்ணி பூப்பாத்தியிலதான் விழுது. தகரத் தூம்பு ஒரு காலத்துல இருந்திருக்கு, கொக்கி மட்டும் மிச்சம். பக்கத்துல ரெண்டு கற்பூர மரம், அந்த இலையெல்லாம் ஓட்டு இடுக்குல. உள்ளே போன தடவை கிறிஸ்மஸுக்கு அடிச்சது பிளாஸ்டிக் எமல்ஷன்.

சாந்துச்சட்டி

உங்க நோய் அங்கேயே இருக்கு தம்பி. சுவர்ல இல்லை.

முதல் வேலை பூப்பாத்தியை எடுக்கிறது. செடியை வேற இடத்துல நடுங்க, வாலிபர் சங்கமே நடட்டும். அந்தப் பழைய ஓடையைத் திறந்து, வெளி மண்ணை உள் தரையை விட அரை அடியாவது தாழ்த்துங்க. ஓடை சரிவுப் பக்கமா ஓடி, சுவரை விட்டு நல்லா தள்ளிப் போய் விழணும். சுவரை ஒட்டி சிமெண்ட் மேடை போட்டுடாதீங்க, அதுவும் ஈரத்தைச் சுவருக்குள்ளதான் தள்ளும். தூம்பு மாட்டுங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை நடுவுல ஒரு தடவை இலையை வாரணும். இதுக்குக் கொத்தனாரே தேவையில்லை. தேயிலைத்தோட்டம் அண்ணன் கேட்ட செலவுக் கேள்விக்கு பாதிப் பதில் இதுதான், மண்வெட்டி செலவு.

அப்புறம் ஒரு மழைக்காலம் சுவரைச் சும்மா விடுங்க. எமல்ஷனை அந்தச் சுவர்ல மட்டுமாவது சுரண்டி எடுத்துட்டு காய விடுங்க. உப்பு வெளியே பூக்கப் பூக்க காஞ்ச பிரஷ்ஷால தட்டி, முறத்துல பிடிச்சு வெளியே கொட்டணும். தண்ணி விட்டுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளேயே போயிடும்.

பழங்கல்

நண்பரே, வரலாற்றுப் பக்கம் சிலவற்றைச் சொல்கிறேன். கூட்டத்தில் உதவும்.

ஐரோப்பியப் பாதிரியார் நீலகிரிக்கு வந்த கதை 1603-இலேயே தொடங்குகிறது. கள்ளிக்கோட்டையிலிருந்து பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு, மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறி வந்தார். தோடர்களையும் படகர்களையும் சந்தித்துவிட்டு இறங்கினார். ஆலயம் எதுவும் எழவில்லை. ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டி, 1830 நவம்பரில் பிரதிஷ்டை செய்தார்கள். கவர்னர் லஷிங்டன் காலம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மஹாலை இடித்த மரத்தை யானை வைத்து மேலே இழுத்து வந்து அந்தக் கூரைக்குப் போட்டார்கள். அது துரைமார் ஆலயம்.

உங்கள் பக்கத்துக் கதை வேறு. கேத்தியில் குடியிருந்த காஸமேஜர் என்ற ஓய்வு பெற்ற அதிகாரியின் ஆதரவில் 1846-இல் பாசல் மிஷன் அங்கே வேலை தொடங்கியது. 1849-இல் அவர் இறந்தபோது சொத்தையும் மிஷனுக்கு எழுதி வைத்தார். மெட்ஸ் என்ற மிஷனரி படகர் ஹட்டிகளுக்கு, அதாவது அவர்களுடைய ஊர்களுக்கு, நடந்தே போய் ஆண்டுக்கணக்கில் பேசினார். முதல் படகர் ஞானஸ்நானம் 1858-இல்தான். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒருவர்! அப்படிச் சேர்ந்த சிறு கூட்டங்களுக்காக எழுந்தவைதான் இந்தப் பள்ளத்தாக்கின் சின்ன ஆலயங்கள். செயின்ட் ஸ்டீபன்ஸுக்குச் சுற்றுலாக்காரர் வருவார்கள், அதைப் பற்றி எழுதுவோரும் உண்டு. உங்கள் ஆலயத்துக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் நீலகிரி மக்கள் வாழ்ந்த வரலாறு அதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வேலை செய்யுங்கள். கழன்று கிடக்கும் ஓடு ஒன்றைத் திருப்பி, பாசியைத் துடைத்து, அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். பாசல் மிஷன் 1865-இல் மங்களூர் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளை அடைத்துவைத்து, பிறகு நாட்டை விட்டு அனுப்பினார்கள். தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே பாசல் மிஷன் முத்திரை இருந்தால் அந்த ஓடு போருக்கு முந்தையது, காமன்வெல்த் என்றிருந்தால் பிந்தையது. ஓட்டில் 1865 என்று பார்த்தால் ஆலயம் அந்த ஆண்டில் கட்டியது என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. வாசலுக்கு மேல் கல்வெட்டு ஏதும் உண்டா?

மலைக்காற்று

ஐயா, பாசல் மிஷன் முத்திரைதான்! படம் எடுத்து வச்சுட்டேன். ஆனா தெற்குக் கூரையில வேற வேற கம்பெனி ஓடும் கலந்திருக்கு.

வாசலுக்கு மேல ஒரு கல் இருக்கு. பல தடவை எனாமல் அடிச்சு எழுத்தெல்லாம் மூடிப் போச்சு. சுரண்டலாமா?

பழங்கல்

சுரண்ட வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். இருட்டின பிறகு ஏணி போட்டு, டார்ச்சைக் கல்லோடு ஒட்டின மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்க வெளிச்சத்தில் பள்ளம் நிழலாகிவிடும், பெயிண்டுக்கு அடியிலிருந்தும் எழுத்து எழும்பும். இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து என்று மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் வரும்.

தெற்கில் ஓடு கலந்திருப்பது நல்ல சேதி. உங்கள் முன்னோர் உடைந்ததை மட்டும் மாற்றி மாற்றிக் கூரையைக் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. கமிட்டியில் இதைச் சொல்லுங்கள். மொத்தமாக இறக்குவது இந்தச் சபைக்குப் பழக்கமே இல்லாத வேலை.

கொடைக்கானல்_அக்கா

தாமதமா வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நாங்க ஆர்.சி., கொடைக்கானல். எங்க ஊர்ல சலேத் மாதா கோயில் 1866-ல் கட்டினது, இயேசு சபைக் குரு லூயி சென் சிர் கட்டினார். பிரான்ஸ் மலையில ரெண்டு பிள்ளைகளுக்கு 1846-ல் மாதா காட்சி கொடுத்த இடத்தோட பேர்லதான் இந்தக் கோயில். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு கீழ்நாட்டிலிருந்தெல்லாம் ஜனம் வரும். அந்த மாதிரி கோயிலுக்கு ஆதரவு தானா வந்துடும். மலைக்குள்ள இருக்கிற கிளைக் கிராமத்துக் கோயில்களுக்குத்தான் கஷ்டம். அதனால உங்க சிரமம் புரியுது தம்பி.

யாரும் சொல்லாத ஒண்ணு. உங்க ஞானஸ்நான ரெஜிஸ்டர், விவாக ரெஜிஸ்டர், அடக்க ரெஜிஸ்டர் எல்லாம் எங்கே இருக்கு? ஓதம் அடிக்கிற வெஸ்ட்ரி (ஆலயத்தோட பக்க அறை) இரும்பு பீரோவிலயா? கூரை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதை முதல்ல வெளியே எடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல கூரை திறந்திருந்த நேரம் மழை வந்து, பழைய ரெஜிஸ்டர் நனைஞ்சு தாளோடு தாள் ஒட்டிக்கிச்சு. வெயில்ல காயப் போட்டு மையும் போச்சு. சுவர் போனா கட்டிக்கலாம், அந்தத் தாள்ல இருக்கிற பேர் திரும்ப வராது. பேரன் பேத்தி வந்து கேட்டா நாம என்னத்தைக் காட்டுவோம்?

ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் போடாம போன்ல படம் எடுங்க. லேமினேஷன் மட்டும் பண்ணவே கூடாது. செலோடேப்பும் ஒட்டாதீங்க. நல்லா காஞ்ச பருத்தித் துணியில சுத்தி, சுவரைத் தொடாம, தரையை விட உயரமா வைங்க. போருக்கு முந்தின பாசல் மிஷன் காரங்க எழுதின கடிதமும் படமும் சுவிட்சர்லாந்துல பாசல் ஊர்ல ஆவணக் காப்பகமா இருக்கு. இணையத்திலயே தேடிப் பார்க்கலாம், கேத்தின்னு போட்டுத் தேடுங்க. உங்க ஆலயத்துப் பழைய படமே கிடைச்சா கமிட்டிக்கு முன்னாடி வைக்க அதை விட என்ன வேணும்?

கல்லறைத் தோட்டம் இருந்தா, கல்லுக்குத் தண்ணியும் மெதுவான பிரஷ்ஷும் மட்டும். பளபளன்னு ஆகணும்னு ஆசிட் ஊத்துறாங்க, எழுத்தே கரைஞ்சு போகும்.

தேயிலைத்தோட்டம்

அக்கா சொன்ன ரெஜிஸ்டர் விஷயத்துக்கு ஆமென். எங்க ஜனங்களுக்கு அது உயிர். இலங்கையில தோட்டத்துக் கோயில்ல எழுதின ஞானஸ்நானச் சீட்டு ஒண்ணுதான் சில குடும்பத்துக்கு பிறந்த தேதிக்கே ஆதாரம்.

காசு விஷயம். தமிழ்நாடு அரசு பழைய தேவாலயங்களைப் புனரமைக்க நிதி உதவி கொடுக்குது, 2016-17-லிருந்து நடக்கிற திட்டம். கலெக்டர் ஆபீஸ்ல பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்துல விண்ணப்பம் வாங்கணும். கட்டட வயசைப் பொறுத்து தொகை. ஆலயம் பதிவு ஆகியிருக்கணும், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. எஸ்டிமேட்டும் படமும் வைக்கணும். அங்கேதான் ஜாக்கிரதை. கான்ட்ராக்டர் கொடுத்த சிமெண்ட் எஸ்டிமேட்டை அப்படியே வச்சுட்டா, பணம் வந்ததும் அந்த வேலையைத்தான் செய்தாகணும். அதனால எஸ்டிமேட்டை முதல்ல மாத்துங்க. சொத்து சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல இருக்கும், கோயம்புத்தூர் டயசிஸ் அனுமதிக் கடிதம் இல்லாம எதுவும் நகராது. ஆயரம்மா இல்லைன்னா ஐயர் (சபைப் போதகர்) மூலமா இப்பவே எழுத ஆரம்பிங்க.

தரை பத்தி நான் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதியவங்க உட்கார உலர்ந்த இடம் வேணும்.

சாந்துச்சட்டி

வேணும்தான் அண்ணா. ஆனா வழுவழு டைல்ஸ் ஒட்டினா தரையில வர்ற ஈரம் மொத்தமும் சுவருக்கு ஓடும், அதோட ஈரக்கால்ல வழுக்கும். வெளி மண்ணை இறக்கி ஓடை திறந்தாலே தரை ஈரம் குறையும். அதுவரைக்கும் பெரியவங்களுக்கு பெஞ்சு போடுங்க. கோரைப்பாயைத் தரையோட விட்டுடாம ஆராதனை முடிஞ்சதும் சுருட்டி நிமிர்த்தி வைங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்காம, வெயில் அடிக்கிற நாள்ல எல்லாம் ஜன்னலைத் திறந்து விடச் சொல்லுங்க கோயில்பிள்ளைகிட்ட.

சாந்துக்கு வர்றேன். கல் சுண்ணாம்பு விருதுநகர் பக்கத்துக் காளவாசல்ல கிடைக்கும். தொட்டியில தண்ணி வச்சு அதுல கல்லைப் போடணும், கல் மேல தண்ணி ஊத்தக் கூடாது. கொதிச்சுத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, சின்னப் பிள்ளைங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. நீத்தினதைச் சலிச்சு, மேல தண்ணி நிக்க நிக்க மூணு வாரமாவது புளிக்க விடணும், எத்தனை நாள் கிடக்குதோ அத்தனை நல்லது. கடைசியில கையில எடுத்தா வெண்ணெய் மாதிரி நிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரை, மூணு பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி எங்க ஊர்ல சேர்ப்போம். உங்க குளிர்லயும் பனியிலயும் வெல்லத்தைக் குறைச்சுக்கோங்க, காய நாளாகும், பூஞ்சை பிடிக்கும். செங்கல் பொடி கொஞ்சம் சேர்த்தா ஈரத்திலயும் இறுகும்.

நேரம் முக்கியம். உங்க பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிசுன்னு கேள்வி. அது முடிஞ்சு, உறைபனியும் போன பிறகு, பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரைக்கும்தான் பூச்சு வேலை. பச்சைச் சாந்துல பனி விழுந்தா பொருக்கு தட்டி உதிரும். அரை அங்குலத்துக்கு மேல ஒரே தடவையில அப்பக் கூடாது. நனைச்ச சாக்கு கட்டி மெதுவா காய விடணும். பூச்சு முடிஞ்சா சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் வேண்டாம்.

கூரைக்கு ஆசாரி ஒருத்தர் போதும். இத்துப் போன கைமரத்தை முழுசா மாத்த வேண்டியதில்லை. நுனியை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி, அதே ஜாதி மரத்துல துண்டு சேர்த்து போல்ட் போடலாம். சுவருக்குள்ள இறங்குற இடத்துல சுத்தியும் காத்து போக இடம் விடச் சொல்லுங்க, மூடிக் கட்டினதாலதான் இத்துப் போச்சு. ஓட்டை ஒவ்வொண்ணா இறக்கி விரல் முட்டியால தட்டிப் பாருங்க. கணீர்னா நல்ல ஓடு, சொத்துன்னா உள்ளே விரிசல். பழைய வீடு இடிக்கிற இடத்துல அதே அளவு ஓடு கிடைக்கும். 100 சதுர அடிக்கு 140, 150 ஓடு கணக்கு வச்சுக்கோங்க.

கலர் ஷீட் வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் போதும். குளிர்ல உள்பக்கம் வேர்த்து, ஆராதனை நேரத்துல ஜனங்க தலையில சொட்டும்.

தேயிலைத்தோட்டம்

அது உண்மை. டிசம்பர் அதிகாலை ஆராதனைக்கு எங்க கோயிலுக்கு வந்து பாருங்க, பாட்டுப் புத்தகமே நனையும்.

மலைக்காற்று

கூட்டம் முடிஞ்சுது. நடந்ததை அப்படியே எழுதறேன்.

கல்லை ராத்திரி டார்ச் வச்சு படம் எடுத்தோம். முழுசா வரலை. ரெண்டாவது வரியில கன்னட எழுத்து மாதிரி தெரியுது. அதை பிரிண்ட் போட்டு ஓட்டு முத்திரைப் படத்தோட கூட்டத்துல வச்சேன். பெரியவர் ஒருத்தர் எழுந்து, சின்ன வயசுல கன்னடப் பாட்டும் ஜெபமும் கேட்ட ஞாபகம் இருக்குன்னு சொன்னார். அதுக்கப்புறம் ஓட்டை இறக்குற பேச்சை யாரும் எடுக்கலை. 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டினப்போ இந்தச் சுவர் நின்னுதுன்னு பொருளாளரே சொன்னார்.

ஆனா சிமெண்டைக் கைவிட எல்லாரும் சம்மதிக்கலை. ஓடையும் தூம்பும் முதல்ல செய்யறது, ஒரு மழைக்காலம் பார்த்துட்டு சுவர் பத்தி முடிவு பண்றதுன்னு தீர்மானம். எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. டைல்ஸ் பேச்சு அப்படியே நிக்குது, சிலர் பிடிவாதமா இருக்காங்க. ரெஜிஸ்டர் படம் எடுக்கிற வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கம் எடுத்துக்கிச்சு.

பழங்கல்

மிக்க மகிழ்ச்சி. கன்னடம் இருப்பதில் வியப்பில்லை. பாசல் மிஷன் கன்னட நாட்டிலிருந்து வந்தது, படகர்களிடையே தொடக்கத்தில் வேலை நடந்ததும் கன்னடத்தில்தான். மிஷன் கல்வெட்டுகளின் கன்னட எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள், மைசூர்ப் பக்கம் எளிதாகக் கிடைப்பார்கள். அதுவரை அந்தக் கல்லின் மேல் இனி ஒரு கோட் பெயிண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாந்துச்சட்டி

தம்பி, ஓடை திறந்ததும் சுவர்ல ஓதம் நிக்கிற கோட்டைப் பென்சிலால குறிச்சு தேதி போட்டு வைங்க. மாசா மாசம் குறிச்சுட்டு வாங்க. கோடு இறங்குறதைக் கமிட்டி கண்ணால பார்க்கட்டும். பிப்ரவரியில வேலைன்னு முடிவானா ஜனவரி முதல் வாரமே சுண்ணாம்பு நீத்தணும், அதுக்கு முன்னாடி எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க. நீலகிரிக்கு வர்றதுக்குத் தயாரா ரெண்டு பேர் எங்க ஊர்ல இருக்காங்க. உங்க ஊர்ப் பசங்க நாலு பேரைக் கூட நிறுத்துங்க, வேலையைக் கத்துக்கட்டும். அடுத்த தடவை என்னைத் தேட வேண்டியிருக்காது.

மலைக்காற்று

நாலு பேர் இருக்காங்க அண்ணா. தங்க பாரிஷ் ஹால் இருக்கு, சாப்பாடு எங்க வீட்ல. சனிக்கிழமை ஓடை தோண்ட ஆரம்பிக்கிறோம். பழைய கல் ஓடை எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரிஞ்சதும் படம் போடறேன், சரிவு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.